உடைந்த ஷீட்டை எங்கே போடுவது? டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், மயிலாடுதுறை, புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களின் மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆண்டுதோறும் உங்கள் அலுவலகங்களில் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. மறுநாள் பேப்பரில் செய்தி வருகிறது: ஜேசிபி தயார், மரம் அறுக்கும் இயந்திரம் தயார், ஜெனரேட்டர், மணல் மூட்டை, நிவாரண முகாம், பாம்பு பிடிப்பவரின் செல்போன் எண் வரைக்கும். கஜா புயலுக்குப் பிறகு இந்தப் பட்டியல் நன்றாகவே தேறியிருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் காற்றில் பறந்து உடைந்து விழும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை யார் அள்ளுவது, எப்படி அள்ளுவது, எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது பற்றி நான் வேலை பார்க்கும் ஊர்களில் இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சின்னச் சின்ன வீட்டு வேலைகளை எடுத்துச் செய்கிற ஒப்பந்தக்காரன். கூரை போடுவதும் பிரிப்பதும் என் பிழைப்பில் பாதி. ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்யச் சொல்லி டெல்லிக்கு எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மைக்கு நீங்கள்தான் தலைவர் என்பதால், உங்கள் கையெழுத்திலேயே முடியக்கூடிய ஒன்றைக் கேட்க இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஷீட் போட்ட குடும்பத்தைக் குற்றவாளி போலப் பார்க்கும் பேச்சு எனக்கு ஒத்துவராது. டெல்டாவில் கீற்றுக் கூரையிலிருந்து ஷீட்டுக்கு மாறியது ஒரு குடும்பம் தலைநிமிர்ந்ததன் அடையாளம். கீற்றை இரண்டு மூன்று வருடத்துக்கொரு தரம் மாற்றி வேய வேண்டும்; தேளும் பூரானும் குடியிருக்கும்; பக்கத்து வீட்டு அடுப்புப் பொறி ஒன்று போதும், தெருவே போய்விடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகைப் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்களே, அதற்குப் பிறகு கீற்று என்றாலே பயம். பள்ளிகளில் கீற்றை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த இடத்தில் பலர் போட்டது எது என்று உங்களுக்கே தெரியும். தீப்பற்றாது, மலிவு, ஒரே நாளில் போட்டு முடிக்கலாம். ஜனங்கள் ஒரு ஆபத்திலிருந்து தப்பிக்கத்தான் இதற்கு வந்தார்கள்.

சரி, இந்த ஷீட்டில் இருப்பது என்ன? பெரும்பங்கு சிமெண்டும் சாம்பலும். நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அந்த நார்தான் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்கு வலு. மூன்று மீட்டர் நீள ஷீட் ஒன்று ஏறத்தாழ 40 கிலோ எடை. அப்படியானால் அதற்குள் மூன்று கிலோவுக்குமேல் கல்நார் இருக்கிறது. நம் நாட்டில் கல்நார் வெட்டுவதை அரசே நிறுத்திவைத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து கப்பல் கப்பலாக இறக்கிக்கொள்கிறோம். ரஷ்யாவிலிருந்து நிறைய வருகிறது. ஒரு வீட்டுக் கூரை எந்த வகை என்று பார்க்க ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்றில்லை. ஓரத்தில் ஐஎஸ் 459 என்ற இந்தியத் தர எண் முத்திரையாகத் தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்தான். முத்திரை அழிந்த பழைய ஷீட்டில், உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்தால் பஞ்சுத் திரி பிரிந்த மாதிரி வெள்ளை இழை சில சமயம் நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கென்று யாரும் உடைக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இன்றைக்கும் விற்கிற வெள்ளைக் கல்நார் உட்பட எல்லாக் கல்நாரையும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது; மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவு. புகையிலையும் அதே பிரிவில்தான். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் கல்நார் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய், குரல்வளையிலும் சூலகத்திலும் வரும் புற்றுநோய் எல்லாம் இதன் கணக்கில் வருகின்றன. வேலையிடத்தில் கல்நாரைச் சுவாசித்ததால் மட்டும் உலகில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேருக்குமேல் இறக்கிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. இவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று ஓர் அளவை யாராலும் காட்ட முடியவில்லை.

அதற்காக ஷீட் வீட்டில் படுத்தாலே கேன்சர் என்று கிளப்பிவிடுவதும் சரியில்லை. உடையாமல், அறுக்காமல், மேலே இருக்கிற ஷீட் அநேகமாகச் சும்மா இருக்கும். நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அது மூச்சுக்குள் போனால்தான் வினை. கூரைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடித்தவர்கள் என்னிடம் பயந்து கேட்டிருக்கிறார்கள். குடிநீரில் போகும் கல்நார் கெடுதல் செய்வதாக உறுதியான சான்று எதையும் உலக சுகாதார நிறுவனம் காணவில்லை. ஆனால் இருபது முப்பது வருட மழையில் மேல்தோல் சிமெண்ட் கரைந்து இழை வெளியே தலைகாட்டுகிற கூரை வேறு. அதன்மேல் ஏறி, பாசியை இரும்பு பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், சுண்ணாம்பு அடிக்குமுன் சுரண்டுவதும் தூசியைத் தானாகத் தேடிப்போய் வாங்குகிற வேலை. கட்டிங் மிஷினை வைத்து அறுப்பது அதைவிடப் பல மடங்கு மோசம். அறுக்கிற பையன் முகத்தில் துண்டைக் கட்டியிருப்பான். மாவு மில்லிலிருந்து வந்தவன் போல இமை வரைக்கும் வெளுத்திருக்கும். அந்தத் துண்டு இந்த இழைக்கு ஒரு தடையே இல்லை.

இந்தத் தூசி உடனே எதையும் செய்யாது என்பதுதான் பெரிய சிக்கல். கண் எரியாது, மயக்கம் வராது, சாயங்காலம் குளித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருடம் ஆகும். இருபத்தைந்து வயதில் அறுத்தவன் அறுபதில் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் காசநோய் சோதனை எடுப்பார்கள், பீடி குடிப்பீர்களா என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பீடியும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து தனித்தனியாக இருப்பதைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக ஏறுகிறது. ஆனால் இளவயதில் என்ன வேலை பார்த்தீர்கள், கூரை பிரித்திருக்கிறீர்களா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவனுடைய சட்டையை உதறித் துவைத்த வீட்டுப் பெண்மணியின் பெயர் அந்தப் பேச்சிலேயே வராது. தொழிலாளியின் உடுப்பைத் துவைத்தே மனைவிக்கு மீசோதீலியோமா வந்தது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது.

இப்போது புயலுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்களை நோக்கி வந்தது. தென்னை விழுந்த கதையை ஊரே பேசிவிட்டது. ஷீட் போன கதையைச் சொல்கிறேன். ஷீட் பனை ஓலை மாதிரி மொத்தமாகப் பறக்காது. காற்று முதலில் ஓரத்தைத் தூக்கும், ஹூக் இருக்கும் துளையைச் சுற்றி விரிசல் விடும், பிறகு பலகை பெயர்ந்துகொண்டு போகும். விடிந்து பார்த்தால் பைப்பில் ஜே ஹூக்குகள் வரிசையாக அப்படியே நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் உள்ளங்கை அளவுக்கு ஷீட் மட்டும் தார் வாஷரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மீதி, தெருவெல்லாம் சில்லு. தென்னை விழுந்து அடித்த கூரையோ நொறுங்கி வீட்டுக்குள்ளேயே கிடக்கும், பாய்க்கும் அரிசிப் பானைக்கும் மேல்.

முதல் நாள் ஈரம், பரவாயில்லை. மூன்றாம் நாள் வெயில் அடிக்கிறது. அப்போதுதான் பெருக்கத் தொடங்குவோம். காய்ந்த சில்லை விளக்குமாற்றால் கூட்டி, மண்வெட்டியால் வாரி, தட்டிக் கொட்டி, டிராக்டரில் ஏற்றி, மேலே ஆள் ஏறி மிதித்து அழுத்தி, குளக்கரையில் தள்ளுவது. பாதி அங்கே போகாது. சேறான தெருவுக்கு அடிநிரப்பாகவே கொட்டிவிடுவார்கள். அதன்மேல் வண்டி ஏறி ஏறிப் பொடியாகும். கரண்ட் வாரக்கணக்கில் வரவில்லை, ஜனம் வாசலில்தான் படுத்தது. பிற மாவட்டங்களிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள் செய்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. அவர்கள் கையில் உறை இருந்தது, சிலர் முகத்தில் சாதாரண மாஸ்க் இருந்தது. அள்ளுவது என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

ஜப்பானில் 1995 ஜனவரியில் கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. கட்டட இடிபாட்டை அள்ளியவர்களில் சிலருக்கு, பத்துப் பதினைந்து வருடம் கழித்து மீசோதீலியோமா வந்தது. வாழ்நாள் முழுக்கக் கல்நார் ஆலையில் உழைத்தவர்கள் அல்ல இவர்கள். இடிபாட்டு வேலை பார்த்தவர்கள். அதைத் தொழில்நோய் என்று அரசே ஏற்று இழப்பீடு கொடுத்தது. அங்கே கணக்கெடுக்க ஓர் அமைப்பு இருந்தது, அதனால் தெரிந்தது. கஜாவில் அள்ளியவர்களின் பெயர்ப்பட்டியல் எந்த அலுவலகத்தில் இருக்கிறது?

பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. பாண்டி ஆட சில்லு வேண்டும் என்றால் கைக்கு முதலில் சிக்குவது உடைந்த ஷீட். தட்டையாக இருக்கும், வழுக்கிப் போகாது. கல்லில் தேய்த்து வட்டமாக்குவார்கள். தேய்த்த பொடி வெள்ளையாக விழும், அதையே எடுத்துக் கோடு போடுவார்கள். போகி அன்று நெருப்பில் ஷீட் துண்டைப் போட்டால் பட்டாசு போல வெடிக்கும் என்பது எங்கள் பக்கம் ஏழு வயதுப் பையனுக்கும் தெரியும். யாரை நொந்துகொள்வது? வீட்டைச் சுற்றிக் கோழிக்கூண்டு, குளியல் மறைப்பு, எருக்குழி விளிம்பு என்று எங்கு பார்த்தாலும் அந்தத் துண்டுகள்தான் செருகியிருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. 2005 டிசம்பரில் கிளெமான்சோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை உடைப்பதற்கு குஜராத்தின் அலங் துறைக்கு அனுப்பினார்கள். உள்ளே கல்நார் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, உச்ச நீதிமன்றம் நுழையக் கூடாது என்று நிறுத்திவைத்து, கடைசியில் பிரான்ஸ் அதிபரே கப்பலைத் திருப்பி அழைத்துக்கொண்டார். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி கல்நார்க் கழிவை நம் நாட்டுக்குள் இறக்குமதி செய்யவே கூடாது. கழிவாகாத புதுக் கல்நாரை மூட்டை மூட்டையாக இறக்கலாம்! ஆலைத் தொழிலாளிக்காவது ஒரு தீர்ப்பு இருக்கிறது: 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டு அல்லது ஓய்வுபெற்றபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் ஆலைகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதே ஷீட்டைக் கூரையில் ஏற்றுகிறவனுக்கும் இறக்குகிறவனுக்கும் அப்படி ஒரு சீட்டுக்கூடக் கிடையாது.

தடை வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்க முடியாது என்பதற்கு இலங்கையே சாட்சி. 2018 தொடக்கத்திலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியை நிறுத்துவதாக அந்த அரசு அறிவித்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு கிடைத்தது என்று சொல்லி ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது. சில நாளிலேயே கொழும்பு ஆஸ்பெஸ்டாஸ் தடையைத் தள்ளிவைத்தது. தேயிலை மறுபடி கப்பல் ஏறியது. மலையகத்தில் கொழுந்து பறிக்கிற நம் சனங்களின் கூலியையும் ஊரெல்லாம் இருக்கிற கூரையையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்கள். நாளைக் காலையே டெல்லி தடை போட்டாலும், இன்றைக்கு எங்கள் தலைமேல் இருக்கிற ஷீட் இன்னும் முப்பது நாற்பது வருடத்துக்கு உடைந்து விழுந்துகொண்டுதான் இருக்கும்.

இனி உங்களிடம் கேட்பது. ஒன்றியத்துக்கு ஓர் இடமாவது, வெள்ளம் ஏறாத புறம்போக்காகப் பார்த்து, உடைந்த ஷீட்டுக்கென்று இப்போதே ஒதுக்கிவையுங்கள். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவு மையம் இருக்கிறது, வாஸ்தவம். வேதாரண்யத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் புயல் முடிந்த கையோடு யார் ஓட்டிக்கொண்டு போவார்கள்? கல்நார், பூச்சிமருந்து மாதிரி கரைந்து ஊற்றில் இறங்குவதில்லை. மறுபடி உடையாமல், மறுபடி யாரும் தோண்டாமல் இருந்தால் மண்ணுக்கடியில் அது அடங்கிக் கிடக்கும். ஆகவே குழியைவிட முக்கியம் பதிவு. எந்த சர்வே எண்ணில் புதைத்தது என்று கிராமக் கணக்கில் ஏற வேண்டும். இல்லையென்றால் பத்து வருடத்தில் யாராவது அங்கே தொகுப்பு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவார்கள். கல்நார்க் கழிவை அப்புறப்படுத்துவதற்கு ஐஎஸ் 11768 என்று தரநூலே இருக்கிறது. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளரை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் உட்காரவைத்து, இடத்தை அவர் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

அள்ளுகிற முறை ரொம்ப எளிது, இதை நான் என் ஆட்களோடு செய்துகொண்டுதான் இருக்கிறேன். நனைத்தால் தூசி எழும்பாது. டெல்டாவில் மருந்தடிக்கும் தெளிப்பான் இல்லாத ஊர் உண்டா? மருந்து வாடை போகக் கழுவி, தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரைக் கலந்து அடித்தால் ஷீட் நன்றாக ஊறும். ஊறினபின் கையால் எடுத்து அடுக்க வேண்டும், மேலிருந்து எறியக் கூடாது. துரு ஏறிய ஹூக்கைச் சுத்தியலால் அடித்து ஷீட்டை நொறுக்காமல் ஹூக்கையே வெட்டி எடுக்க வேண்டும். சில்லுகளைக் கனமான பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும். காய்ந்த தரையில் விளக்குமாறே கூடாது. மோட்டார் வைத்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதும் கூடாது, அது இழையைப் பெயர்த்து அக்கம்பக்கமெல்லாம் தெளித்துவிடும். மாஸ்க் என்றால் நுண்ணிய தூசியையும் தடுக்கிற எஃப்எஃப்பி3 வகை அல்லது பி100 ஃபில்டர் வைத்தது வேண்டும். கொரோனா காலத்து நீல மாஸ்க் இதற்கு உதவாது. ஒன்றியத்துக்கு ஐம்பது மாஸ்க், இருபது சுருள் பாலித்தீன், பத்துத் தெளிப்பான். ஒரு ஜேசிபியின் சில நாள் வாடகைக்குள் முடிகிற செலவு என்பது என் கணக்கு.

சேதம் எழுத வருகிற கிராம நிர்வாக அலுவலரின் படிவத்தில் எத்தனை ஷீட் உடைந்தது என்று ஒரு கட்டம் சேருங்கள். அது இருந்தால் எத்தனை டிராக்டர் தேவை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். முகாமில் ஒலிபெருக்கியில் பால் பவுடர் எங்கே கிடைக்கும் என்று அறிவிக்கும்போது, ஷீட்டை நனைக்காமல் பெருக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்பதையும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, ஷீட் வீடுகளையெல்லாம் ஒரு வாரத்தில் பிரிக்கச் சொல்லி யாராவது உத்தரவு போட்டால் நிலைமை இன்னும் கெடும். அவசரத்தில் பிரிக்கிறவன் உடைத்துத்தான் பிரிப்பான். மாற்றுக்கும் வழி சொல்ல வேண்டும். கலர் ஷீட் போடலாம், ஆனால் சித்திரையில் கொதிக்கும்; ஹூக்குக்குப் பதில் ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடாவிட்டால் புயலில் கத்தியாகப் பறக்கும். கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட் கடையில் வருகிறது, விலை கூடுதல். ஓடு நல்லது, வேயத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். 2030க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடு என்று கலைஞர் கனவு இல்லத் திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. அதில் வீடு கட்டுகிறவர் பழைய வீட்டின் ஒதுக்குப்புறத்தில் இருக்கும் ஷீட்டைப் பிரிக்கும்போது எங்கே போடுவார் என்பதற்கும் அந்த ஒன்றியக் குழியே விடை.

இந்த மடலின் நகலை வைத்துக்கொண்டு, செப்டம்பரில் முன்னேற்பாட்டுக் கூட்டம் அறிவித்ததும் மனுநீதி நாளில் நேரில் கொடுக்க வருவேன். கூரை வேலை செய்கிற மேஸ்திரிகளையும் கூட்டி வருகிறேன். ஒரு பழைய ஷீட்டை நனைத்து, பிரித்து, சுற்றிக் கட்டிக் காட்டச் சொன்னால் உங்கள் அலுவலக வளாகத்திலேயே செய்து காட்டுவார்கள், அரை மணி நேரம் ஆகும். எந்த ஒன்றியத்தில் எந்த சர்வே எண் என்ற பதிலை மட்டும் அன்றைக்குத் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கட்டட வேலை ஒப்பந்தக்காரர்